சொல்லக்கூடாத நேர்ச்சை

பெரிய நோன்புக்கு முந்தின ஞாயிறு மாலையில் அந்த ஊரில் எல்லோரும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பார்கள். கணவன் மனைவியிடம் கேட்பான். மாமியார் மருமகளிடம் கேட்பாள். வருஷம் முழுக்க வேலித் தகராறில் முகம் பார்க்காத பக்கத்து வீட்டுக்காரன்கூட வாசலில் வந்து தொப்பியைக் கழற்றிவிட்டு, "மன்னிச்சிடுங்க" என்பான். "கடவுள் மன்னிப்பார்" என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் பழையதெல்லாம் தீர்ந்தது. மறுநாள் காலையில் வேலித் தகராறு புதிதாகத் தொடங்கும், அது வேறு விஷயம்.

தெசன்காவும் அன்று வந்தவர்களுக்கெல்லாம் "கடவுள் மன்னிப்பார்" சொன்னாள். தபால்காரர் நீட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிற மாதிரி சொன்னாள். உள்ளே ஒன்றும் அசையவில்லை. அவளுக்குள் எதுவும் அசைந்து பல வருஷமாகிறது.

வயது நாற்பத்து மூன்று. அப்பாவும் அம்மாவும் போனபிறகு வீடு அண்ணன் புதிமிரின் கைக்கு வந்தது. பின்னறை மட்டும் அவளுடையது. ஒரு கட்டில், ஒரு விறகடுப்பு, பிளம் மரத்தைப் பார்க்கிற ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கூரைச் சரிவின் கீழே ஒரு நாற்காலி, அதில் உட்கார்ந்துதான் சிகரெட் பிடிப்பாள். உலகத்தில் அவளுக்கு இருந்த ஆஸ்தி இவ்வளவுதான். அதை யாராவது எடுத்துக்கொண்டுவிடுவார்களோ என்ற பயம் மட்டும், மற்ற எல்லா உணர்ச்சியும் செத்த பிறகும், அவளுக்குள் ஒரு மூலையில் உயிரோடு கிடந்தது.

இருபத்து நாலு வயதில் அவள் தலைக்குள் ஒருவன் வந்து உட்கார்ந்தான். ரேடியோவில் கால்பந்து வர்ணனை செய்கிறவனின் குரல். "தெசன்கா கதவைத் திறக்கிறாள். பாருங்கள், இடது கையால் திறக்கிறாள். வெட்கங்கெட்டவள்." பொழுது விடிந்ததிலிருந்து அடைகிறவரை ஓயமாட்டான். மனச்சிதைவு என்றார்கள். என்னென்னவோ மாத்திரை கொடுத்தார்கள், அவன் ஒன்றுக்கும் மசியவில்லை. ஒருநாள் "தெசன்கா தண்டவாளத்தை நோக்கி நடக்கிறாள்" என்று அவன் சொல்ல, அவளும் நடந்தாள். அண்ணி ஸ்லாவிட்சாதான் பின்னாலேயே ஓடி, தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தாள். அதற்குப் பிறகு கொடுத்த மஞ்சள் மாத்திரைக்குத்தான் வர்ணனைக்காரன் வாயை மூடினான்.

அவன் போன வழியில் பசி வந்தது. போதும் என்று வயிறு சொல்லுமே, அந்தச் சொல் அவளுக்கு நின்றுபோனது. ஒல்லியாக இருந்தவள் ஒரு வருஷத்தில் இரண்டு ஆளானாள். மூன்றாம் வருஷம் அம்மாவின் கல்யாண நாற்காலி அவளுக்குக் கீழே உடைந்தது. தெருவில் பெண்கள், "கொடுத்து வெச்சவ, உக்காந்த இடத்துல தின்னுறா" என்பார்கள். மருந்து கொடுத்த உடம்பு அது. இதைத் தெருவில் நின்று யாரிடம் விளக்குவது? அவள் விளக்கவில்லை. நமக்குத்தான் ஆத்திரம் வருகிறது.

அந்த மாத்திரைக்காக மாதாமாதம் எடுக்கிற ரத்தப் பரிசோதனைக்கு அந்த முறை போனபோது டாக்டர் ஒலிவெரா, சர்க்கரை எல்லையில் நிற்கிறது, எடையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்றார். தினமும் நட, ரொட்டியைக் குறை, மாத்திரையில் மட்டும் நீயாகக் கை வைக்காதே என்று சொல்லி அனுப்பினார். புதிமிர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். அவன் பஸ் டிரைவர். எதையும் ஒரு வழித்தடமாகப் போட்டுவிட்டால் பிறகு திரும்பிப் பார்க்க மாட்டான்.

மன்னிப்பு ஞாயிறு விருந்து முடிந்ததும் தட்டை நகர்த்திவிட்டுத் தொடங்கினான்.

"இங்க பாரு தெசன்கா. டாக்டரம்மா சொன்னத கேட்டல்ல?"

"ம்."

"நோன்புல எப்படியும் கறி, பால், முட்டை ஒண்ணும் கிடையாது. தன்னால இளைச்சிடுவ. கூடவே அந்தச் சிகரெட்டையும் விட்டுடு. நான் சாராயத்த விடறேன். ரெண்டு பேரும் நேந்துக்கலாம். ஈஸ்டர் வரைக்கும்."

தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த ஸ்லாவிட்சா சிரித்தாள். "நீங்க சாராயத்த விடறதே நடக்கற கதையில்ல. இதுல அவளையும் துணைக்குக் கூப்பிடறீங்களா?"

"நீ சும்மா இரு. அவ என் தங்கச்சி, விடுவா. என்ன, விடுவியா?"

"சரிண்ணே" என்றாள் தெசன்கா. முடியாது என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். சரி என்பது சின்னச் சொல்.

அடுத்த நாள் புதிமிர் அவளை மலையடிவார மடத்துக்குக் கூட்டிப்போனான். தேவமாதா படத்தின் முன்னால் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்துச் சொன்னான்: "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. நேர்ச்சைய வெளிய சொல்லக் கூடாது. அம்மா சொல்லுவால்ல, நிறைவேறறதுக்குள்ள வாய விட்டா பலன் போயிடும்னு."

"அண்ணிக்குத் தெரியுமே."

"வீட்டாளுக்குத் தெரிஞ்சா தோஷமில்ல. வெளியாளுக்கு மூச்சு விடாத. சிகரெட் ஆசை வந்துச்சுன்னா ஜெபம் சொல்லு, போயிடும்."

அந்த ஊர்க்காரர்கள் எதையும் ரகசியமாக வைக்கத் தெரியாதவர்கள். எவன் எவ்வளவுக்கு மாடு வாங்கினான் என்பது வாங்குகிறதுக்கு முன்னாலேயே ஊருக்குத் தெரியும். நேர்ச்சை விஷயத்தில் மட்டும் எல்லோரும் கல்லுப்பிள்ளையாராகிவிடுவார்கள்.

முதல் சில நாள் தெசன்காவின் விரல்கள் சும்மா இருக்கத் தெரியாமல் சட்டைப் பொத்தானைத் திருகின. அவள் ஜெபம் சொன்னாள். சமைக்கும்போது சொன்னாள், படுத்துக்கொண்டு சொன்னாள். உதடு தானாக அசைகிற அளவுக்குப் பழகிவிட்டது. கூரைச் சரிவின் கீழே இருந்த நாற்காலியில் பூனை படுக்க ஆரம்பித்தது.

மருத்துவமனை முற்றத்திலும் ஒரு பெஞ்சு உண்டு. பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து புகைப்பார்கள். அவள் பேசுகிற பேச்செல்லாம் அந்தப் பெஞ்சில்தான். ஸ்ரெத்தென் என்று ஒருவர், பழைய கணக்கு வாத்தியார், அவளுக்குக் கொடுக்கிற அதே மஞ்சள் மாத்திரைதான் அவருக்கும். தீப்பெட்டி எப்போதும் அவரிடம் இருக்காது. அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது அவள் பெஞ்சைத் தாண்டி நேராக உள்ளே போனாள்.

"அம்மணி! என்ன, மந்திரியாயிட்டீங்களா? கண்டுக்காம போறீங்க?" என்று ஸ்ரெத்தென் கத்தினார்.

வெளியாளிடம் நேர்ச்சையைச் சொல்லக் கூடாது. "தீப்பெட்டி இல்ல" என்றாள்.

"ஐயோ, அப்ப நான் செத்தேன்" என்றார் அவர்.

அதற்கு முந்தைய வாரத்திலிருந்தே உடம்பு வேறு மாதிரி ஆகியிருந்தது. காலையில் எழுந்திருக்க முடியவில்லை. தலையணை எச்சிலில் நனைந்து கிடந்தது. கால் இரண்டும் ஆற்றுச் சேற்றில் புதைந்தது போல, ஒவ்வொரு அடிக்கும் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. வயிறு கல்லாக இறுகி, கழிப்பறைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவாள். மருந்து போட்டவுடன் வருகிற அந்த மந்தம் முன்பெல்லாம் மதியத்துக்குள் கரையும். இப்போது கரையவே இல்லை, அடுத்த மாத்திரை அதன் தலையிலேயே ஏறி உட்கார்ந்தது.

ஒருநாள் அடுப்படியில் அண்ணியிடம் சொன்னாள்.

"அண்ணி, சிகரெட்ட விட்டதிலேருந்து மாத்திரை கனமாயிட்ட மாதிரி இருக்கு."

ஸ்லாவிட்சா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். பேக்கரியில் விடிகாலை வேலை, வந்ததும் வீட்டு வேலை. "மாத்திரை எப்படிடி கனமாகும்? அதே டப்பா, அதே மாத்திரை. நீ தான் கனமாயிட்டே வர்ற" என்றாள். பொல்லாத்தனமாகச் சொல்லவில்லை. சோர்வில் வாய் தவறிய பேச்சு.

தெசன்கா மறுபடி அதைச் சொல்லவில்லை. சொன்னதைத் திருப்பிச் சொல்ல ஒரு நம்பிக்கை வேண்டும், நம்மை ஒருவர் கேட்பார் என்கிற நம்பிக்கை. பைத்தியம் என்று ஒருமுறை பெயர் வாங்கினவர்களுக்கு முதலில் போவது அதுதான்.

இளைப்பதாவது! நோன்புச் சாப்பாடு என்றால் அந்த வீட்டில் கறி இல்லாத சாப்பாடு, அவ்வளவுதான். வெங்காயமும் எண்ணெயும் போட்டு அடுப்பில் சுட்ட பீன்ஸ், உருளைக்கிழங்கு, கையகல ரொட்டி, மேலே சிவப்பு மிளகாய்த் தொக்கு, இனிப்புக்கு வால்நட் போட்ட நூடுல்ஸ், எள் ஹல்வா. புதிமிர் தங்கைக்குத் தன் கையாலேயே ஹல்வா வெட்டிக் கொடுப்பான். "சாப்பிடு, நோன்புதான், இதுல ஒண்ணும் இல்ல" என்பான். பாசத்தில்தான் கொடுத்தான்.

ஒரு மத்தியானம் அவள் கட்டிலில் கிடந்தபோது, கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணியின் குரல் கேட்டது.

"உங்ககிட்ட சொல்லாம இருக்கணும்னு பாத்தேன். அவ மறுபடி பேச ஆரம்பிச்சிட்டா."

"யாருகிட்ட?"

"யாருகிட்டன்னு எனக்கென்ன தெரியும்? உதடு ஓயாம அசையுது. நான் போனா நிறுத்திடறா. நாள் பூரா சுவத்த பாத்துக்கிட்டு படுத்திருக்கா. அன்னைக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது? என்னால இன்னொரு தடவ தண்டவாளத்துக்கு ஓட முடியாதுங்க. எனக்கும் வயசாகுது."

புதிமிரின் நாற்காலி நகர்கிற சத்தம் மட்டும்.

"மலைக்கு அந்தப் பக்கம் மனநோய்க்காரங்க விடுதி இருக்குல்ல, விசாரிச்சேன். ஈஸ்டருக்கப்புறம் ஒரு கட்டில் காலியாகுதாம். பேர் சொல்லி வெச்சிருக்கேன். சும்மா சொல்லித்தான் வெச்சிருக்கேன்."

"டாக்டர கேப்போம்" என்றான் புதிமிர். குரல் செத்திருந்தது.

அந்த விடுதியை தெசன்கா பார்த்திருக்கிறாள். ஒரு அறையில் ஆறு கட்டில், ஜன்னல் எட்டாத உயரத்தில். போனவர்கள் திரும்பி வருவதில்லை. அவள் எழுந்து போய், அது ஜெபம் அண்ணி, அண்ணன் சொல்லச் சொன்ன ஜெபம்தான் என்று சொல்லியிருக்கலாம். எழுந்திருக்க வேண்டுமே! அழ வேண்டும் போல இருந்தது. அழுகை தொண்டைவரை வரவில்லை, கீழேயே எங்கோ படுத்துக்கொண்டது. ஜன்னலில் பிளம் மரம் பூத்திருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

டாக்டரிடம் போனபோது புதிமிர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவனே பேசினான். படுத்தே கிடக்கிறாள், சுவரைப் பார்க்கிறாள், தனக்குள் பேசுகிறாள். டாக்டர் ஒலிவெரா கேட்டுக்கொண்டே தெசன்காவின் முகத்தைப் பார்த்தார்.

"குரல் கேக்குதாம்மா? அந்த ரேடியோக்காரன்?"

"இல்ல."

"அவ எப்பவும் இல்லன்னு தான் சொல்லுவா டாக்டர்" என்றான் புதிமிர்.

"மாத்திரை ஒழுங்கா போடறாளா?"

"என் கண்ணு முன்னாடி தான் முழுங்கறா."

"வேற ஏதாவது மாத்தம் உண்டா? புது மருந்து? காப்பி, சிகரெட் எல்லாம் பழையபடி தானே?"

தெசன்கா வாயைத் திறந்தாள். மேசைக்குக் கீழே புதிமிரின் பூட்ஸ் அவள் பாதத்தை மெதுவாக அழுத்தியது. அவள் குனிந்து அந்தப் பூட்ஸைப் பார்த்தாள். மெருகேற்றிய கறுப்புத் தோல், நுனியில் கொஞ்சம் சேறு.

"பழையபடி தான் டாக்டர்" என்றான் புதிமிர். இன்னும் கொஞ்ச நாள்தானே, பலன் போய்விடக் கூடாதே என்று அவன் கவலை அவனுக்கு. தங்கை குணமாக வேண்டும் என்றுதான் அந்த நேர்ச்சையே. குணமாக வேண்டியவளின் டாக்டரிடம் அதை மறைத்தான். வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்தப் புத்தி வராது.

டாக்டர் யோசித்தார். எதுவும் மாறவில்லை, ஆனால் ஆள் சுருண்டுகொண்டே போகிறாள், உதடு அசைகிறது. நோய்தான் தலைதூக்குகிறது என்று எடுத்துக்கொண்டார். வேறென்ன எடுத்துக்கொள்வார்? ராத்திரி மாத்திரையை அரை கூட்டினார். "இதுக்கும் கேக்கலன்னா ஈஸ்டருக்கப்புறம் விடுதியப் பத்தி பேசலாம்" என்றார்.

திரும்பும் வழியில் புதிமிர் அவளுக்கு எள் போட்ட ரொட்டி வளையம் வாங்கிக் கொடுத்தான்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை. ஊர்ப் பிள்ளைகள் கழுத்தில் சின்ன மணி கட்டிக்கொண்டு, வில்லோக் கிளையோடு தேவாலயத்துக்குப் போகிற நாள். தெருவெல்லாம் மணிச்சத்தம். தெசன்கா அடுப்படி மேசையில் பீன்ஸைப் பரப்பி, கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளைப் பீன்ஸ் ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரிந்தது. கை ஒருமுறை வெட்டியது, கிண்ணம் சரிந்தது. என்னடா இது, கை என் பேச்சைக் கேட்கவில்லை என்று நினைத்தாள். அதுதான் கடைசியாக நினைத்தது.

பிறகு ஒரு வெள்ளைக் கூரை அவளுக்கு மேலே ஆடிக்கொண்டே போனது. நாக்கு கடிபட்டு வாயில் ரத்த ருசி. அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தெசன்கா, ஏ தெசன்கா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணியின் தலைமுடியில் ஒரு பீன்ஸ் ஒட்டியிருந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது, கை வரவில்லை.

மருத்துவமனையில் டாக்டர் ஒலிவெரா வந்து கண்ணைப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார், அழுத்திய இடத்தில் முகம் சுளித்தார்.

"எத்தனை நாளா வெளிக்கு போகல?"

தெசன்காவுக்கு ஞாபகமில்லை.

"இப்படி ஒருத்தரும் திடீர்னு வலிப்பு வந்து விழ மாட்டாங்க" என்று டாக்டர் புதிமிரின் பக்கம் திரும்பினார். "நான் கூட்டினது அரை மாத்திரை. அதுக்கு இது ரொம்ப அதிகம். எதையோ என்கிட்ட சொல்லல நீங்க. தப்பித்தவறி ரெண்டு வேள மாத்திரைய ஒண்ணா போட்டாளா?"

"சத்தியமா இல்ல டாக்டர்."

"சிகரெட்?"

புதிமிர் தொப்பியைக் கையில் திருகினான். "அது... பழையபடி..."

கட்டிலுக்குக் கீழே பூட்ஸ் எட்டாது. தெசன்கா மேலே கூரையைப் பார்த்தபடியே சொன்னாள். நாக்கு வீங்கியிருந்ததால் சொல் குழறியது.

"நான் சிகரெட் புடிக்கறதில்ல. நோன்பு ஆரம்பிச்சதிலேருந்து. நேர்ச்சை. அண்ணன் சொல்லக் கூடாதுன்னுச்சு."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபமாகத்தான் இருந்தார், ஆனால் கத்தவில்லை.

"புதிமிர், கேளுங்க. சிகரெட் புகை உடம்புக்குள்ள போனா ஈரல் இந்த மருந்த சீக்கிரம் சீக்கிரமா கரைச்சு வெளிய தள்ளிடும். அதனால புடிக்கறவங்களுக்கு நாங்க கூட குடுப்போம். இவ நாள் பூரா புடிக்கறவ. அதுக்கு தக்கன தான் அளவு வெச்சிருந்தேன். அந்தப் புகை நின்னா அதே மாத்திரை உள்ளயே தேங்கும். இவ நோயால படுத்துக் கிடக்கல. மருந்துல மூழ்கிட்டிருந்தா. நான் வேற அது மேல அரை மாத்திரை ஊத்தியிருக்கேன்."

"நல்லது பண்றதா நெனச்சு..."

"நல்லது தான். சிகரெட்ட விட்டது ரொம்ப நல்லது. சொல்லாதது தான் தப்பு. நேர்ச்சைய ஊருக்குச் சொல்ல வேணாம். பாதிரியார்கிட்ட பாவத்த சொல்றீங்கல்ல? என்னையும் அப்படி ஒரு ஆளா நெனச்சுக்கங்க."

ஸ்லாவிட்சா மெல்லக் கேட்டாள். "அப்ப அந்த உதடு அசையறது?"

"ஜெபம்" என்றாள் தெசன்கா.

ஸ்லாவிட்சா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு தெசன்கா அடுப்படியில் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். "இவ என்கிட்ட சொன்னா" என்றாள். "மாத்திரை கனமாயிடுச்சுன்னு சொன்னா. நான் காதுல வாங்கல."

ரத்தத்தில் மருந்து இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு இருந்தது. சர்க்கரை எல்லையைத் தாண்டியிருந்தது, நோன்பு ரொட்டியும் ஹல்வாவும் தந்த பரிசு. டாக்டர் மஞ்சள் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார், சர்க்கரைக்கு ஒன்று, வயிறு இளகுவதற்கு ஒன்று எழுதினார். இந்த மருந்தில் மலச்சிக்கல் விளையாட்டல்ல, உயிரையே வாங்கும், இரண்டு நாள் போகாவிட்டால் எனக்குச் சொல் என்றார். பிறகு தெசன்காவின் முகத்துக்கு நேராகக் குனிந்து இதைச் சொன்னார்:

"இப்போ இருக்கறது புகை இல்லாத உடம்புக்கான அளவு. நீ மறுபடி புடிச்சா மருந்து பத்தாது, ரேடியோக்காரன் திரும்பி வந்துடுவான். புடிக்கணும்னு தோணுச்சுன்னா புடிக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட வா. புரியுதா?"

"புரியுது."

புதிமிர் அப்போது ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தான். வெட்கத்தில் காது சிவந்து, பாதிதான் காதில் விழுந்தது.

பெரிய வெள்ளியன்று, வீடுகளில் முட்டைக்குச் சிவப்புச் சாயம் போடுகிற நாளில், அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். காரில் புதிமிர் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"விடுதியிலேருந்து போன் வந்துச்சு. கட்டில் காலியாயிடுச்சாம். நான் ஆமான்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. ஈஸ்டர் போகட்டும்னேன். நீ எப்படி இருக்கேன்னு பாப்போம். உங்க அண்ணிக்கும் பயம்டி, தப்பா எடுத்துக்காத."

"ம்" என்றாள் தெசன்கா.

பின்னறை அப்படியேதான் இருந்தது. பூனையை நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். மந்தம் மெல்ல விலகிக்கொண்டிருந்தது. அது விலகின இடத்தில் சிகரெட் ஆசை வந்து நின்றது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் ஒன்றை இவ்வளவு வேண்டும் என்று வேண்டினாள். அந்த வேண்டுதலே அவளுக்கு அதிசயமாக இருந்தது.

ஈஸ்டர் மத்தியானம் மேசையில் ஆட்டுக்கறி வறுவல் மணத்தது. பக்கத்து வீட்டு ராதோவான் மனைவியோடு வந்திருந்தார், அதே வேலித் தகராறு ராதோவான்தான். முட்டையோடு முட்டை மோதினார்கள், உடைந்தவன் தோற்றான். புதிமிரின் முட்டை முதல் இடியிலேயே நொறுங்கியது. "உன் பஸ் மாதிரியே இருக்குய்யா" என்றார் ராதோவான். நேர்ச்சை முடிந்ததென்று புதிமிர் முதல் கோப்பை பிளம் சாராயத்தைக் கண்ணை மூடிக் குடித்தான். கண்ணைத் திறந்ததும் எழுந்து போய் ஒரு பொட்டலத்தோடு வந்தான். தெசன்காவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

அவள் பிடிக்கிற அதே சிகரெட். ஒரு பெட்டி இல்லை, பத்துப் பெட்டி அடங்கிய கட்டு. மேலே சிவப்பு நாடா கட்டியிருந்தான்.

"எடுத்துக்க" என்றான். கண் கலங்கியிருந்தது. "என்னால வந்த வினை. நான் தான் நிறுத்தச் சொன்னேன். புகை இல்லாம போனதால தானே விழுந்த? டாக்டரே சொன்னாங்கல்ல, புகை தான் மருந்த அடக்குதுன்னு. இனிமே நீ புடி. எவன் என்ன சொன்னாலும் புடி. எல்லாம் பழையபடி ஆயிடும்."

ஒன்றை உருவி அவளுக்கு நீட்டினான். ராதோவான் தீக்குச்சியை உரசினார். நெருப்பு அவள் முகத்துக்கு நேரே நின்றது. தெசன்காவின் வாயில் எச்சில் ஊறியது, விரல் தானாக நீண்டது. சரி என்பது சின்னச் சொல். சரி என்று சொல்லிவிட்டால் அண்ணன் முகம் தெளியும், மேசை சிரிக்கும். ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ, தெசன்கா கதவைத் திறக்கிறாள் என்று வர்ணனைக்காரன் தொடங்குவான். அண்ணி போனை எடுப்பாள். கட்டில் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

"வேணாம்ணே."

"அட, எடுத்துக்கடி. கூச்சப்படாத."

"வேணாம்" என்றாள். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. குச்சி ராதோவானின் விரலைச் சுட்டது, அணைத்துவிட்டு இன்னொரு குச்சியை உரசினார்.

"வேணாங்கறேன்ல!"

மேசையில் கரண்டி நின்றது. அந்த வீட்டில் அவள் குரல் இவ்வளவு உயர்ந்து ஒருவரும் கேட்டதில்லை. அவளுக்கே அது யார் குரல் என்று ஒரு கணம் சந்தேகம். தன் குரல்தான். உள்ளே வேறு யாரும் இல்லை.

"நீ பாதி தான் கேட்ட. மருந்த குறைச்சிட்டாங்க. இப்போ இருக்கறது புடிக்காதவளுக்கு குடுக்கற அளவு. புடிச்சா பத்தாது, அவன் வந்துடுவான். நான் அண்ணிகிட்ட ஒரு தடவ சொன்னேன், மாத்திரை கனமாயிடுச்சுன்னு. திருப்பி சொல்லாம விட்டது என் தப்பு. இத திருப்பி சொல்றேன். வேணாம்ணே. இன்னொரு தடவ சொல்லணுமா?"

மூச்சு வாங்கியது. ஸ்லாவிட்சா எழுந்து வந்து, பேசாமல் அந்தக் கட்டை எடுத்து ராதோவானின் மடியில் போட்டாள்.

"எனக்கா? எனக்கு ஒரு வியாதியும் இல்லையே" என்றார் ராதோவான், இருமிக்கொண்டே.

புதிமிர் நீட்டிய சிகரெட்டை இன்னும் கையில் வைத்திருந்தான். அதைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், மெதுவாகத் தட்டில் வைத்தான்.

"மன்னிச்சிடு தெசன்கா" என்றான்.

மன்னிப்பு ஞாயிறு எப்போதோ போய்விட்டது. ஆனாலும் கேட்டால் பதில் ஒன்றுதான், ஊரே அறிந்த பதில். எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

"அந்த விடுதிக்கு போன் பண்ணுண்ணே. கட்டில் வேணாம்னு சொல்லு."

"இன்னைக்கு ஈஸ்டர்டி. யாரு எடுப்பா?"

"நாளைக்கு?"

"நாளைக்கும் லீவு."

"அப்ப செவ்வாக்கிழமை. நீ பேசு. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

புதிமிர் தலையை ஆட்டினான். ஸ்லாவிட்சாவும் ஆட்டினாள். தெசன்கா கறித்துண்டைச் சின்னதாக வெட்டிக்கொண்டாள். ரொட்டித் தட்டு சுற்றி வந்தபோது அதை ராதோவானின் பக்கம் தள்ளினாள். கடவுள் மன்னிப்பார் என்ற அந்தச் சொல்லை அவள் அன்று சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை, அண்ணன் போனை வைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள்.